பால் குடிக்கும்போது வியர்த்து அழுத பிள்ளை: இடது முடியுரு நாடி இடம் மாறிப் பிறந்தால்

கடற்கரைத்தெரு அம்மா (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். இதை எழுத வேண்டும் என்று ஆறு வருடமாக நினைத்துக்கொண்டே இருந்துவிட்டேன். போன கிழமை மகன் தரம் ஒன்றுக்குப் போனான். வெள்ளைச் சேட்டுக்குப் பொத்தான் பூட்டிவிடும்போது நெஞ்சின் நடுவில் உள்ள அந்தக் கோடு தெரிந்தது. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று பட்டது. திருகோணமலைப் பக்கத்து அம்மாமார் ஒருவராவது இதை வாசித்தால் போதும்.

மகன் மாதம் நிறைந்து, 3 கிலோ 100 கிராமில் பிறந்தான். நிறம், அழுகை, பால் எல்லாமே சரி. எட்டுக் கிழமை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. ஒன்பதாவது கிழமையில்தான் தொடங்கியது. இரண்டு மூன்று நிமிடம் ஆவலாகக் குடிப்பான். பிறகு வாயை விட்டுவிட்டு உயிர் போகிற மாதிரி ஒரு கத்தல். நெற்றியும் பின்தலையும் நனைந்து என் கையெல்லாம் ஈரமாகிவிடும். முகம் வெளுத்துவிடும். கொஞ்சம் தட்டிக்கொடுத்தால் அடங்கித் தூங்குவான். அடுத்த முறை பாலுக்கு எடுத்தாலும் அதே கதைதான்.

மாமி நாவூறு கழித்தா. ஓமத்தண்ணீர் கொடுத்தோம். பால் சேரவில்லை என்றார்கள், நான் இறாலையும் கருவாட்டையும் விட்டேன். முதலில் காட்டிய இடத்தில் வயிற்றில் காற்று என்று சொட்டுமருந்து தந்தார்கள். பத்து நாள் கழித்து வேறு இடத்தில் காட்டியபோது மூச்சு வேகமாக இருக்கிறது, சளி என்று ஆவி பிடித்து அனுப்பினார்கள். யாரையும் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அந்த இரண்டு இடத்திலும் அவன் பால் குடிப்பதை ஒருவரும் பார்க்கவில்லை.

பார்த்தவர் எங்கள் மிட்வைஃப் அக்காதான். பன்னிரண்டாவது கிழமை கிளினிக்கில் நிறுத்துப் பார்த்தார். நிறைக் கோடு படுத்துக் கிடந்தது. "எனக்கு முன்னால் பால் கொடுங்கோ பிள்ளை" என்றார். ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டே இருந்தார். அதே இடத்தில் துண்டு எழுதித் தந்து, வீட்டுக்குப் போகாமல் நேரே வார்டுக்குப் போகச் சொன்னார்.

எக்ஸ்ரேயில் இதயம் நெஞ்சின் பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. ஈசிஜி எடுத்தார்கள். எக்கோ என்கிற இதய ஸ்கேனில் இதயத் தசை பலவீனம் என்றார்கள். அன்று இரவே அம்புலன்ஸ். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் என்று விடிய விடியப் போய்க் கொழும்பு பொரளையில் உள்ள சிறுவர் வைத்தியசாலையில் இறங்கினோம்.

அங்கே ஒரு டொக்டர் நாற்பது நிமிடம் எக்கோ பார்த்தார். அவர் தேடியது ஒன்றே ஒன்று என்று பிறகுதான் விளங்கியது: இதயத்துக்கு இரத்தம் கொடுக்கும் இடது நாடி எங்கிருந்து புறப்படுகிறது? அது புறப்பட வேண்டிய பெருநாடியில் இல்லை. சுவாசப்பைக்குப் போகும் நாடியில் இருந்தது. சீ.டி. எடுத்து உறுதி செய்து, மூன்றாம் நாள் தியேட்டருக்கு எடுத்தார்கள். இந்த நோய்க்கு அல்காபா என்று பெயர்.

கேள்வி இருந்தால் கேளுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

தம்பலகாமத்தான்

வாசிக்கவே நெஞ்சு கனக்கிறது அக்கா. பிள்ளை நல்லா இருக்கட்டும். எனக்கு ஒரு சந்தேகம். முடியுரு நாடி என்பது வயதானவர்களுக்குக் கொழுப்பு அடைக்கிற அந்த நாடிதானே? என் அப்பாவுக்கு அதில்தான் ஸ்டென்ட் வைத்தார்கள். மூன்று மாதப் பிள்ளைக்கு அதில் எப்படி நோய் வரும்? அப்புறம், பிறவியிலேயே இருந்தால் எட்டுக் கிழமை எப்படிச் சுகமாக இருந்தான்?

ஊர்விட்ட வைத்தியர்

நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவன், இப்போது வெளிமாவட்டத்தில் வேலை. சிறுபிள்ளை இதயப் பிரிவில் சில வருடம் இருந்திருக்கிறேன். தம்பலகாமத்துத் தம்பியின் இரண்டாவது கேள்விதான் இந்த நோயின் உயிர்நாடி. அதற்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்கிறேன்.

அதே நாடிதான், ஆனால் இங்கே அடைப்பு இல்லை, தொடுப்புத்தான் பிழை. பெருநாடி இதயத்தை விட்டு வெளியே வந்தவுடன் முதல் கிளைகளாக இரண்டு முடியுரு நாடிகள் பிரியும், வலது, இடது. இடதுதான் இதயத்தின் முக்கிய பம்பான இடது இதயவறைக்குப் பெரும்பங்கு இரத்தத்தைக் கொடுப்பது. அல்காபாவில் இந்த இடது நாடி, பக்கத்தில் இருக்கும் சுவாசப்பை நாடியில் முளைத்துவிடும். ஏறத்தாழ மூன்று இலட்சம் பிறப்புகளுக்கு ஒன்று என்று நூல்கள் சொல்கின்றன. நம் நாட்டில் இப்போது ஆண்டுக்குப் பிறக்கும் பிள்ளைகள் மூன்று இலட்சத்துக்கும் குறைவு. கணக்குப் போட்டால் வருடத்துக்கு ஒரு பிள்ளைக்கும் குறைவு. ஒரு டொக்டர் தன் காலம் முழுக்க ஒன்றைக்கூடக் காணாமல் ஓய்வு பெறலாம்.

இனி ஏன் எட்டுக் கிழமை. உங்கள் ஊர் வயலை வைத்தே பார்ப்போம். கந்தளாய்க் குளத்து வாய்க்கால் ஒன்று வயலின் மேல்புறம் ஓடுகிறது. கீழ்ப்புறம் இன்னொரு வாய்க்கால். இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றால், வயலுக்கு எந்தப் பக்கத்து மடையைத் திறந்தாலும் தண்ணீர் பாயும். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது நிலை இதுதான். பெருநாடியிலும் சுவாசப்பை நாடியிலும் அழுத்தம் கிட்டத்தட்டச் சமம், இரத்தத்தில் இருக்கும் ஒட்சிசனிலும் பெரிய வித்தியாசம் இல்லை. அதனால் இடது நாடி எதிலிருந்து புறப்பட்டாலும் இதயத்துக்குச் சாப்பாடு கிடைக்கும், பிள்ளை நன்றாக வளரும்.

பிறந்து சுவாசப்பை விரிந்த பிறகு அந்தப் பக்கத்து அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். ஒரே நாளில் இறங்காது, கிழமைக்கணக்கில் இறங்கும். கீழ்வாய்க்காலில் தண்ணீர் மட்டம் இறங்கினால் என்ன ஆகும்? வயலுக்குப் பாய்ந்த மடை வடிகாலாக மாறிவிடும். இங்கும் அதுவே. வலது முடியுரு நாடி பெருநாடியிலிருந்து நல்ல இரத்தத்தைக் கொண்டுவரும். சின்னச் சின்ன இணைப்புகள் வழியாக அது இடது நாடிக்குள் போகும். ஆனால் தசைக்குப் போய்ச் சேராது, பின்பக்கமாக ஓடிச் சுவாசப்பை நாடிக்குள் வடிந்துவிடும். வயல் காய்கிற மாதிரி இதயத் தசை காய்கிறது. அந்த இணைப்புகள் போதிய அளவு வளராத பிள்ளைக்கு இரண்டு மூன்று மாதத்திலேயே மாரடைப்புக்குச் சமமான நிலை. இணைப்புகள் நன்றாக வளர்ந்த சிலர் தப்பி வளர்ந்து பெரியவராகி, பிறகு மூச்சிரைப்போடோ மயக்கத்தோடோ வருவதும் உண்டு. ஆனால் சிகிச்சை இல்லாவிட்டால் பத்தில் ஒன்பது பிள்ளைகள் முதல் பிறந்தநாளைக் காண்பதில்லை.

பால் குடிக்கும்போது ஏன்? கைப்பிள்ளைக்குப் பால் குடிப்பதுதான் ஓட்டப்பந்தயம். அதைவிடக் கடுமையான வேலை அதற்கு வேறு இல்லை. நம் அப்பாமாருக்குப் படியேறும்போது வருகிற நெஞ்சுவலி, இந்தப் பிள்ளைக்குப் பால் குடிக்கும்போது வருகிறது. வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. வியர்க்கும், வெளுக்கும், அலறும். 1933இல் பொஸ்டனில் பிளாண்ட், வைட், கார்லண்ட் என்ற மூன்று டொக்டர்கள் இப்படி ஒரு பிள்ளையைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் விவரித்ததும் இந்த அம்மா விவரித்ததும் ஒன்றுதான்.

அன்புவழிபுரம் தாதி

டொக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் சிறுவர் வார்டில் வேலை செய்கிறேன். விரலில் மாட்டும் கிளிப்பில் 98, 99 காட்டினால் "இதயத்தில் ஒன்றும் இல்லை" என்று பெற்றோர் நிம்மதியாகிவிடுகிறார்கள். அல்காபாப் பிள்ளை நீலமாகாது. ஒட்சிசன் அளவு சரியாகவே இருக்கும். நெஞ்சில் இரைச்சல் கேட்காமலும் போகலாம்.

தாய்மாரே, டொக்டரிடம் போகும்போது "பிள்ளை அழுகிறான்" என்று மட்டும் சொல்லாதீர்கள். எத்தனை நிமிடம் குடிக்கிறான், எப்போது விடுகிறான், எங்கே வியர்க்கிறது, போன மாதம் எத்தனை கிராம் ஏறினான் என்று சொல்லுங்கள். போனில் வீடியோ எடுத்துக்கொண்டு வாருங்கள். வார்டுக்கு வந்ததும் பிள்ளை களைத்துத் தூங்கிவிடும், எங்களுக்குக் காட்ட ஒன்றும் இருக்காது. அந்த வீடியோ எங்களுக்குப் பெரிய உதவி.

கடற்கரைத்தெரு அம்மா

தாதி அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு உண்மை. எங்களுக்கும் 98 என்றுதான் காட்டியது. அந்த எண்ணைப் பார்த்து நான் இரண்டு கிழமை நிம்மதியாக இருந்தேன்.

லிங்கநகர் பெரியம்மா

பிள்ளை, நீ கோபிக்காதே. என் பேத்திக்கு இதயத்தில் ஓட்டை. அவள் வயிற்றில் இருக்கும்போது மருமகள் கிரகணத்தன்று வெளியே போய்விட்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவளும் அதை நம்பி அழுகிறாள். உனக்கும் அப்படி ஏதும் நடந்ததா? தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

கடற்கரைத்தெரு அம்மா

கோபம் இல்லைப் பெரியம்மா. என்னையும் கேட்டார்கள். எட்டாம் மாதம் கோணேசர் கோயில் படியேறினாய், அதுதான் என்றார்கள். கர்ப்பத்தில் இரும்புச்சத்துக் குளிசை ஒழுங்காகப் போட்டாயா என்று கேட்டார்கள். ஐசியூ வாசலில் பாயில் படுத்திருந்த நாட்களில் இதையே திருப்பித் திருப்பி யோசித்தேன். கொழும்பில் ஒரு டொக்டரிடம் கேட்டுவிட்டேன், நான் என்ன பிழை செய்தேன் என்று. அவர் எழுதிக்கொண்டிருந்த பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "ஒன்றுமே இல்லை" என்றார். உங்கள் மருமகளிடம் இதைச் சொல்லுங்கள், தயவுசெய்து.

ஊர்விட்ட வைத்தியர்

பெரியம்மா, நானும் சொல்கிறேன். இதய அறைகளும் நாடிகளும் கர்ப்பத்தின் முதல் இரண்டு மாதத்துக்குள் பெரும்பாலும் உருவாகி முடிந்துவிடும். தான் கர்ப்பம் என்பதே பல பெண்களுக்குத் தெரியாத காலம் அது. கிரகணமும் கோயில் படியும் அங்கே எட்டாது. ஆயிரம் பிள்ளைகளில் எட்டுப் பேர் அளவில் ஏதோ ஓர் இதயக் குறையோடு பிறக்கிறார்கள், எல்லா நாட்டிலும், எல்லாச் சமயத்திலும். அல்காபா பெரும்பாலும் குடும்பத்தில் தொடர்வதும் இல்லை. கர்ப்ப ஸ்கேனில் ஏன் தெரியவில்லை என்றும் கேட்பார்கள். அந்த வயதில் முடியுரு நாடி நூல் அளவு. இதயமும் நன்றாகவே வேலை செய்கிறது. சந்தேகப்பட ஒன்றும் இருக்காது. உங்கள் மருமகள் ஒரு பிழையும் செய்யவில்லை.

கிண்ணியா வாப்பா

அஸ்ஸலாமு அலைக்கும். என் மகனுக்கு மூன்று வயதில் முடியுரு நாடி வீங்கிவிட்டது என்றார்கள். ஐந்து நாளுக்கு மேல் காய்ச்சல், கண் சிவப்பு, உதடு வெடிப்பு, விரல் நுனித்தோல் உரிந்தது. நாளத்தில் ஒரு விலைகூடிய மருந்து ஏற்றினார்கள், அஸ்பிரின் குடித்தான். இப்போது எக்கோவில் சரியாகிவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். இதுவும் இந்த நோயின் இனமா? பிறவியிலேயே இருந்ததா?

ஊர்விட்ட வைத்தியர்

வஅலைக்கும் ஸலாம். நானா, அது கவசாக்கி நோய், பிறவிக் குறை இல்லை. ஜப்பானில் கவசாக்கி என்ற டொக்டர் 1967இல் எழுதியது. நாடி சரியான இடத்தில்தான் முளைத்திருக்கும், காய்ச்சலோடு வரும் அழற்சியால் அதன் சுவர் வீங்கும். காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் நாளத்தில் ஏற்றும் அந்த மருந்தை, இமியூனோகுளோபியூலினை, கொடுத்தால் வீக்கம் வரும் வாய்ப்பு வெகுவாகக் குறையும். நீங்கள் நேரத்துக்குப் போயிருக்கிறீர்கள். கிளினிக்கை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

நிலாவெளி பி.டி. சேர்

நான் விளையாட்டு ஆசிரியர். இந்த இழையை வாசித்ததிலிருந்து ஒரு மாணவன் நினைவில் நிற்கிறான். 14 வயது, நல்ல உதைபந்தாட்டக்காரன். போன மாதம் மைதானத்தில் முழு வேகத்தில் ஓடும்போது குப்புற விழுந்தான். அரை நிமிடத்தில் எழுந்துவிட்டான். வெயில், சாப்பிடவில்லை என்று வீட்டார் சொன்னார்கள். ஓர் இடத்தில் ஈசிஜி எடுத்து "நோர்மல்" என்று அனுப்பிவிட்டார்கள். திரும்ப விளையாடக் கேட்கிறான். விடலாமா?

ஊர்விட்ட வைத்தியர்

விடாதீர்கள் சேர். எக்கோ முடியும்வரை மைதானம் வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். காலைக்கூட்டத்தில் நெடுநேரம் நின்று, தலைசுற்றி, கண் இருட்டி, மெல்லச் சரிகிற பிள்ளைகள் நிறைய. அது பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஓடிக்கொண்டிருக்கும்போதே முன்னறிவிப்பில்லாமல் விழுவது வேறு. அதை இதயம் என்று எடுத்துக்கொண்டு, இல்லை என்று நிரூபிக்க வேண்டும்.

முடியுரு நாடியின் இன்னொரு பிறவிக் குறை இங்கே வருகிறது. இதில் நாடி பெருநாடியில்தான் முளைக்கும், ஆனால் பிழையான பக்கத்தில். உதாரணத்துக்கு, இடது நாடி வலது பக்கத்தில் முளைத்து, பெருநாடிக்கும் சுவாசப்பை நாடிக்கும் நடுவே நுழைந்து இடது பக்கம் போகும். தொடக்க வாய் வட்டமாக இல்லாமல் கீறல் போல ஒடுங்கியிருக்கும். சில மில்லிமீற்றர் தூரம் பெருநாடியின் சுவருக்குள்ளேயே ஓடும். சும்மா இருக்கும்போது ஒரு குறையும் தெரியாது. கடுமையாக ஓடும்போது பெருநாடி விம்மும், சுவர் இழுபடும், அந்தக் கீறல் வாய் இன்னும் ஒடுங்கும். இளம் விளையாட்டு வீரர்கள் மைதானத்தில் திடீரென்று இறந்துபோவதற்கான முக்கியக் காரணங்களில் இது ஒன்று. வலது நாடி இடது பக்கத்தில் முளைப்பதுதான் கூடுதலாகக் காணப்படுவது, ஆபத்து அதில் குறைவு. இடது நாடி வலப்பக்கம் முளைப்பதே பயப்பட வேண்டியது.

ஓய்வில் எடுத்த ஈசிஜி இதில் பெரும்பாலும் நோர்மலாகவே இருக்கும். டிரெட்மில் பரிசோதனைகூடச் சரியாக வரலாம். அதனால் எக்கோவுக்கு அனுப்பும்போது துண்டில் "ஓடும்போது மயங்கினான், முடியுரு நாடிகளின் தொடக்கத்தைப் பார்க்கவும்" என்று எழுதச் சொல்லுங்கள். தெளிவில்லை என்றால் சீ.டி. எடுப்பார்கள். குறை இருந்தால் சத்திரசிகிச்சை உண்டு. சுவருக்குள் ஓடும் பகுதியின் கூரையைத் திறந்து, வாயைச் சரியான பக்கத்தில் அகலப்படுத்துவார்கள். ஓட்டத்தில் மயங்குவதற்கு இதயத் தசைத் தடிப்பு, மின்னோட்டக் கோளாறு என்று வேறு காரணங்களும் உண்டு. அதனால்தான் முழுப் பரிசோதனை வேண்டும்.

நிலாவெளி பி.டி. சேர்

நன்றி டொக்டர். நாளைக்கே அவன் அப்பாவைச் சந்திக்கிறேன். தொழிலுக்குப் போய்விட்டு விடியத்தான் கரைக்கு வருவார். நான் கரையிலேயே நின்று பிடிக்கிறேன்.

சீனன்குடா அண்ணன்

எல்லாம் சரி. ஆனால் இவ்வளவு அரிய நோய் என்றால் ஏன் கொழும்பு? சென்னைக்குக் கொண்டுபோயிருக்கலாமே. அங்கே நாளுக்குப் பத்துச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள். காசு சேர்க்க ஊர் இருக்கிறது. என் நண்பர் ஒருவர் தன் மகளை அங்கேதான் கொண்டுபோனார்.

கடற்கரைத்தெரு அம்மா

அண்ணா, நல்லெண்ணத்தில் சொல்கிறீர்கள் என்று தெரியும். எங்களுக்கும் பலர் சொன்னார்கள். பாஸ்போட், விசா, காசு என்று என் கணவர் ஒரு முழு நாள் போனோடு நின்றார். மகன் அப்போது மூச்சுக் குழாயோடு இருந்தான். விமானத்தில் ஏற்றும் நிலையில் இல்லை. மூன்றாம் நாள் இங்கேயே செய்தார்கள், ஒரு சதமும் வாங்கவில்லை. செலவானதெல்லாம் எங்கள் போக்குவரத்துக்கும் சாப்பாட்டுக்கும்தான். கணவர் கொட்டாஞ்சேனையில் ஓர் உறவுக்காரர் வீட்டில் தங்கினார். நான் வைத்தியசாலையை விட்டு அசையவில்லை.

ஊர்விட்ட வைத்தியர்

சென்னையில் மிகத் திறமையான நிலையங்கள் இருக்கின்றன. அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. காத்திருக்கக்கூடிய நோய் என்றால் இரண்டாவது அபிப்பிராயம் கேட்பது பெற்றோரின் உரிமை. ஆனால் அல்காபா காத்திருக்காது. கண்டுபிடித்த பிறகு கழிகிற ஒவ்வொரு நாளும் தசை செத்துக்கொண்டிருக்கிறது. இதைச் செய்யத் தெரிந்த கைகள் நம் நாட்டில் இருக்கும்போது, பணம் சேர்ப்பதில் கிழமைகள் போகக் கூடாது.

தம்பலகாமத்தான்

சத்திரசிகிச்சையில் என்னதான் செய்வார்கள் டொக்டர்? உங்கள் வாய்க்கால் கணக்கில் சொல்லுங்கள்.

ஊர்விட்ட வைத்தியர்

முதலில் வந்த யோசனை வடிகாலை அடைப்பது. இடது நாடியை அதன் தொடக்கத்தில் கட்டிவிட்டால் இரத்தம் வடிந்துபோவது நிற்கும். 1960 அளவில் அப்படித்தான் செய்தார்கள், சில பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் முழு வயலும் ஒரே வாய்க்காலை நம்பி நிற்கும் நிலை அது.

இப்போது செய்வது மடையையே பெயர்த்து மேல்வாய்க்காலில் வைப்பது. இதய-சுவாசப்பை இயந்திரத்தில் பிள்ளையைப் போட்டு, சுவாசப்பை நாடியிலிருந்து இடது நாடியின் வாயை, சுற்றியிருக்கும் சுவரோடு பொத்தான் அளவுக்கு வெட்டி எடுத்துப் பெருநாடியில் தைப்பார்கள். நாடி எட்டாத தூரத்தில் இருந்தால், சுவாசப்பை நாடிக்குள்ளேயே ஒரு சுரங்கம் கட்டிப் பெருநாடியோடு இணைக்கும் முறை உண்டு. ஜப்பானிய சத்திரசிகிச்சை நிபுணர் தகெயுச்சி 1979இல் எழுதியது. சுரங்கம் இடத்தை அடைப்பதால் பின்னாளில் சுவாசப்பை நாடி ஒடுங்கலாம், கவனித்துவர வேண்டும்.

காய்ந்த தசை எல்லாம் செத்த தசை இல்லை. பெரும்பகுதி உறங்கிக் கிடக்கும். நல்ல இரத்தம் வந்ததும் மாதக்கணக்கில் மெல்ல விழிக்கும். இரத்தம் போதாமல் வால்வைப் பிடித்திருக்கும் தசைத்தூண்கள் தளர்ந்து வால்வு ஒழுகியிருக்கும். அதுவும் பல பிள்ளைகளில் தானாகவே குறையும். அனுபவமுள்ள நிலையங்களில் இன்று பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் பிழைக்கிறார்கள்.

இந்த இழையை இளம் டொக்டர்மாரும் வாசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். உங்களுக்கு ஒன்று. இதயத் தசை பலவீனம் என்று ஒரு கைப்பிள்ளை வந்தால், வைரஸ் என்று எழுதுவதற்கு முன்னால் ஈசிஜியில் ஒன்றாம் லீட்டையும் ஏவிஎல் லீட்டையும் பாருங்கள். அங்கே ஆழமான கியூ அலை இருந்தால் நில்லுங்கள். எக்கோவில் இடது நாடி பெருநாடியில் ஒட்டியிருப்பது போலவே படம் காட்டும், பலர் ஏமாந்திருக்கிறார்கள். நிற டொப்ளரைப் போட்டு இரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று பாருங்கள். வலது நாடி வழக்கத்தைவிடப் பருத்திருக்கிறதா என்று பாருங்கள். சரிப்படுத்தக்கூடிய காரணம் இது. தசை நோய் என்று முத்திரை குத்தி மருந்தோடு அனுப்பினால் அந்தப் பிள்ளை போய்விடும்.

அன்புவழிபுரம் தாதி

அக்கா, சத்திரசிகிச்சைக்குப் பிறகு எப்படி இருந்தது என்று எழுதுங்கள். பெற்றோர் எங்களிடம் கூடுதலாகக் கேட்பது அதைத்தான்.

கடற்கரைத்தெரு அம்மா

முதல்முறை பார்க்க விட்டபோது நெஞ்சை மூடவில்லை. இதயம் வீங்கியிருப்பதால் இரண்டு நாள் திறந்து வைத்து, மேலே மெல்லிய உறை போட்டிருந்தார்கள். முன்பே சொல்லியிருந்தார்கள், இருந்தாலும் கால் தள்ளாடிவிட்டது. இதைப் படிக்கும் அம்மாமார் அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள், திட்டமிட்டுச் செய்வதுதான்.

பதினொரு நாள் ஐசியூ. எனக்குச் சிங்களம் தெரியாது. இரவுக் கடமைத் தாதி ஒருவர் ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு சொல் சொல்லித் தந்தார். குழாயை எடுத்த பிறகு ஒரு விடியற்காலை அவர் ஓடி வந்து "கிரி பிவ்வா, கிரி பிவ்வா" என்றார். பால் குடித்தான் என்று அர்த்தம். 20 மில்லிலீற்றர். வியர்க்கவில்லை. அந்த நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

வீட்டுக்கு வரும்போது மூன்று மருந்து. ஒவ்வொரு கிளினிக்கிலும் ஒன்றைக் குறைத்தார்கள். ஆறு மாதத்தில் இதயத்தின் அளவு இறங்கத் தொடங்கியது. ஒன்றரை வயதில் மருந்து முழுவதும் நின்றது. வால்வில் இன்னும் லேசான ஒழுக்கு இருக்கிறது. வருடத்துக்கு ஒரு தடவை எக்கோ. தைத்த இடம் ஒடுங்காமல் இருக்கிறதா என்று வளர்ந்த பிறகும் பார்ப்பார்களாம், வாழ்நாள் முழுக்க. ஓடுகிறான், உப்புவெளிக் கடலில் குளிக்கிறான்.

மூதூர் உம்மா

ராத்தா, இரவு பதினொரு மணிக்கு இதை எழுதுகிறேன். என் மகளுக்குப் பத்துக் கிழமை. பிறக்கும்போது 2 கிலோ 900, இப்போது 3 கிலோ 600தான். பால் குடிக்கும்போது தலை நனைகிறது. மூச்சு வேகம். விட்டு விட்டுக் குடிக்கிறாள். உம்மா சளி என்கிறா. நீங்கள் எழுதியதை வாசித்துக் கை நடுங்குகிறது. இதுவா?

ஊர்விட்ட வைத்தியர்

தங்கச்சி, இங்கே எழுதிக் கண்டுபிடிக்க முடியாது, நான் முயற்சிக்கவும் மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதிய மூன்றும், வியர்வை, மூச்சு வேகம், ஏறாத நிறை, இன்றைக்கே பார்க்க வேண்டியவை. நெஞ்சு உள்ளிழுக்கிறதா, பால் மறுக்கிறாளா, வெளுக்கிறாளா? ஒன்றுக்கு ஆம் என்றாலும் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். இல்லாவிட்டாலும் விடியக் காத்திருக்காமல் மூதூர் வைத்தியசாலைக்குப் போங்கள். நிறை எழுதிய பதிவேட்டைக் கையில் எடுங்கள். இந்தக் குறிகளுக்கு அல்காபாவைவிட மிகச் சாதாரணமான காரணங்கள் பல இருக்கின்றன.

கடற்கரைத்தெரு அம்மா

தங்கச்சி, போங்கள். இப்போதே போங்கள். திருகோணமலைக்கு மாற்றினால் எனக்குத் தனிமடல் போடுங்கள். என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். உங்களுக்கும் வாப்பாவுக்கும் சாப்பாடு நான் கொண்டுவருகிறேன்.

நிலாவெளி பி.டி. சேர்

தங்கச்சிக்காகப் பிரார்த்திக்கிறோம். என் மாணவனைப் பற்றி: அப்பா சம்மதித்துவிட்டார், எக்கோவுக்குத் திகதி கிடைத்திருக்கிறது. அதுவரை அவனை ஸ்கோர் புத்தகம் எழுத வைத்திருக்கிறேன்.

மூதூர் உம்மா (நான்கு நாள் கழித்து)

ராத்தா, டொக்டர், எல்லோருக்கும். அன்று இரவே போனோம். மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலம் வழியாகத் திருகோணமலைக்கு அம்புலன்ஸில் அனுப்பினார்கள். எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ எல்லாம் எடுத்தார்கள். நான் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, இரண்டு முடியுரு நாடியும் சரியான இடத்தில் இருக்கிறதா என்று கேட்டேன். எக்கோ பார்த்த டொக்டர் நிமிர்ந்து பார்த்தார். பிறகு திரையைத் திருப்பி எனக்குக் காட்டினார். இரண்டும் பெருநாடியில்தான் இருக்கிறது.

மகளுக்கு இருப்பது கீழறைகளுக்கு நடுவில் ஒரு ஓட்டை. சுவாசப்பைக்கு இரத்தம் கூடுதலாகப் போவதால்தான் வியர்வையும் மூச்சு வேகமும். தண்ணீர் இறக்கும் மருந்து தொடங்கியிருக்கிறார்கள். நிறை ஏறினால் பொறுத்துப் பார்க்கலாம், ஏறாவிட்டால் கொழும்பில் தைக்க வேண்டும் என்றார்கள். ராத்தா கொண்டுவந்த இடியப்பமும் சொதியும் நான்கு நாளில் நான் வயிறு நிறையச் சாப்பிட்ட முதல் சாப்பாடு.

ஊர்விட்ட வைத்தியர்

கேட்கத் துணிந்தீர்களே, அது பெரிய விஷயம். மருந்தின் அளவைச் சிரிஞ்சியால் மட்டும் எடுங்கள், கரண்டியால் வேண்டாம். ஒரு நேரத்தில் கூடுதலாகக் கொடுக்கப் பார்க்காமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி பால் கொடுங்கள். இருமலோ காய்ச்சலோ வந்தால் அடுத்த கிளினிக் வரை வைத்திருக்காதீர்கள். தடுப்பூசிகளைத் தவறவிடாதீர்கள்.

லிங்கநகர் பெரியம்மா

என் பேத்திக்கும் அதே ஓட்டைதான் பிள்ளை. இரண்டு வயதில் தைத்தார்கள், இப்போது ஓடித் திரிகிறாள். டொக்டர் எழுதியதை மருமகளுக்கு வாசித்துக் காட்டினேன். நெடுநேரம் அழுதாள். பிறகு தன் அம்மாவுக்குப் போன் எடுத்து அதை அப்படியே சொன்னாள்.

மூதூர் உம்மா (மூன்று கிழமை கழித்து)

இன்று கிளினிக். மிட்வைஃப் மிஸ் தராசைப் பார்த்துவிட்டு மறுபடி ஒருமுறை நிறுத்தார். 4 கிலோ 50 கிராம்.